பிரிகேடியருக்கு ஒரு ஊசி

குளிர் அறைக்குள் ஒரு பிணம் கிடந்தது.

எஃபி லாக்ஹார்ட் கதவைத் திறந்த கையோடு அப்படியே நின்றாள். மறு கையில் பன்றிக்கறி வைத்த ரொட்டி. கடித்த துண்டு பாதி வாய்க்குள்... மென்றபாடில்லை.

தரையில் மல்லாந்து கிடந்தது வாட்டி ஸ்கூலர். ஆராய்ச்சி நிலையத்து ஆடுகளுக்கெல்லாம் தாயும் தகப்பனுமான வாட்டி. ஐம்பதைத் தாண்டிய, ஆறடி உயர மனிதர். நெற்றியில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம். கண்கள் மூடியிருந்தன.

எஃபி ரொட்டியை வீசிவிட்டு மண்டியிட்டாள்.

மூச்சு வருகிறதா என்று பார்க்கவில்லை. நாடி பிடிக்கவில்லை. நேராக வாட்டியின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்ளே பார்த்தாள்.

பழக்க தோஷம்! எஃபி கால்நடை டாக்டர். ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருந்தால் இமையின் உட்புறம் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிடும். ஒரு நாளைக்கு நூறு ஆட்டுக்கு இமை இழுத்துப் பார்க்கிற விரல், மனிதனைக் கண்டாலும் அதைத்தான் செய்யும்.

வாட்டியின் இமை நல்ல ரத்தச் சிவப்பு.

"டாக்டரம்மா..." என்று முனகியது பிணம். "நான் ஆடு இல்ல."

எஃபிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

என்ன நடந்தது என்று கேட்டாள். விடிகாலையில் ஆடுகளுக்குத் தீவனம் வைக்க வந்ததாகவும், குளிர் அறைக் கதவு திறந்து கிடந்ததாகவும், எட்டிப் பார்த்தபோது பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதாகவும் வாட்டி திக்கித் திக்கிச் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லையாம். சொல்லி முடித்ததும் மறுபடி கண்களை மூடிக்கொண்டார்.

எஃபி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். செய்துகொண்டே அலமாரியைப் பார்த்தாள்.

நடுத்தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது.

சிவப்பு மூடி போட்ட பெட்டி... இல்லை!

எஃபி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். இப்போது யாராவது அவள் இமையை இழுத்துப் பார்த்திருந்தால் காகித வெள்ளையாக இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியின் மேல் 'தடுப்பூசி' என்று எழுதியிருந்தது.

உள்ளே இருந்தது தடுப்பூசி அல்ல.

*

சார்ஜென்ட் டோர்க்வில் ரென்னிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் வழக்கமாக வருகிற புகார்கள் இரண்டு வகை. வேலித் தகராறு, டிராக்டர் திருட்டு. அதனால் போனில் எஃபி சொன்னதை அவர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

"புழு திருடு போயிருக்கு சார்ஜென்ட்."

"புழு."

"குட்டிப் புழு. பாட்டில் பாட்டிலா. தண்ணில போட்டு வச்சிருந்தேன்."

"உயிரோடவா?"

"நீந்திக்கிட்டு இருக்கும்."



"டாக்டர்... காலையிலேயே ஏதாவது சாப்பிட்டீங்களா? கண்ணாடி டம்ளர்ல?"

ஆனால் வந்துவிட்டார். தூறலில் நனைந்த மீசையும், வயிற்றை மூடத் தயங்கும் கோட்டுமாக. வாட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிறகு எஃபியைப் பார்த்து, இப்போது ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்றார்.

எஃபி சொன்னாள். முந்தின நாள் மாலை புழுப் பெட்டியின் அடி விரிசல் விட்டிருந்தது. பாட்டில்களை அவசரமாக ஒரு பழைய தடுப்பூசிப் பெட்டிக்கு மாற்றினாள். பேரைக் காலையில் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அப்போ திருடினவன் தடுப்பூசின்னு நெனச்சுத் தூக்கிட்டுப் போயிருக்கான்."

"ஆமா."

"வீட்டுக்குப் போய்த் தெறந்து பாத்தா புழு." ரென்னி மீசைக்குள் சிரித்தார். "அவனுக்கு நல்லா வேணும்."

"தெறந்து பாத்தாலும் தெரியாது சார்ஜென்ட். கண்ணுக்குத் தண்ணி மாதிரிதான் இருக்கும். தடுப்பூசின்னே நெனச்சு ஆட்டுக்குக் குடுத்துடுவான்."

"குடுத்தா?"

"மூணு வாரத்துல புழு பெருசாகும். முட்டை போடும். ஒரு பொம்பளைப் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல போடும். சாணி வழியாப் புல்லுக்குப் போகும். இந்த மழைக்கு மளமளன்னு பரவும்."

"மருந்து குடுத்துக் கொல்லுங்க."

எஃபி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எந்த மருந்துக்கும் சாகாத ரகம் சார்ஜென்ட் அது. மருந்து தோத்துப்போன பண்ணையாத் தேடிப் போய்ப் பொறுக்கி எடுத்தது. இதையே எங்க ஊசி ஜெயிச்சா எதையும் ஜெயிக்கும்னு, பொத்திப் பொத்தி வளத்தேன்."

ரென்னியின் சிரிப்பு நின்றது. அவருடைய தம்பி அடுத்த மலையில் முந்நூறு ஆடு வைத்திருந்தான்.

தொப்பியை மாட்டினார்.

"கார்ல ஏறுங்க."

*

சந்தேகப்பட ஓர் ஆள் கையிலேயே இருந்தான்.

நைஜல் கிரெய்ல். ஆட்டுக் குடற்புழு மருந்துக் கம்பெனி ஒன்றின் விற்பனை ஆள். பளபளக்கும் ஷூவோடு ஆட்டுப்பட்டிக்குள் நடக்கக்கூடிய ஒரே ஜீவன். முந்தின நாள் மத்தியானம் நிலையத்துக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு, உங்கள் ஊசி கடைக்கு வந்தால் நாங்கள் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று சிரித்தபடி சொல்லிப் போயிருந்தான். அந்தச் சிரிப்பு எஃபிக்கு இப்போது வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

கார் சரிவில் இறங்கியது. இந்த ஊசி என்னதான் செய்யும் என்று ரென்னி கேட்டார். எஃபியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும். இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஒரு நிச்சயதார்த்தம் முறிந்திருந்தது... மாப்பிள்ளை வீட்டு விருந்தில், சூப் பரிமாறும்போது.

புழுவின் குடலிலிருந்து எடுத்த சத்துதான் ஊசி மருந்து என்றாள். அதைப் போட்டால் ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பு உண்டாகும். புழு வழக்கம்போல வாயை வைத்து உறிஞ்சும். உறிஞ்சின ரத்தத்தோடு எதிர்ப்பும் உள்ளே போய் அதன் குடலிலேயே கையை வைக்கும். செரிக்காது. பட்டினியில் சாகும்.

"அதாவது, விருந்துக்குக் கூப்பிட்டுச் சாப்பாட்டுல விஷம் வெக்கறீங்க."

"அப்படித்தான்."

"இதே காரியத்துக்கு நான் ரெண்டு பேர உள்ள போட்டிருக்கேன் டாக்டர்."

பதற்றத்தின் நடுவிலும் எஃபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கருங்காளை விடுதியின் வாசலில் கிரெய்ல் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். போலீஸ் காரைப் பார்த்ததும் டிக்கியை அறைந்து சாத்தினான். பளபளக்கும் ஷூவைக் காணோம். காலெல்லாம் சேறு. முழங்கால் வரை ஈரம்.

ரென்னி நிதானமாக இறங்கினார். ஊருக்குக் கிளம்பியாச்சா என்று விசாரித்தார். கிரெய்ல் ஆமாம் என்றான். டிக்கியில் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றான். ஒன்றுமில்லாததைத் திறந்து காட்டுவதில் என்ன கஷ்டம் என்றார்.



"சார்... சத்தியமா இதுதான் முதல் தடவை."

டிக்கி திறந்தது. உள்ளே வெள்ளையாக ஓர் ஐஸ் பெட்டி. ரென்னி மூடியைத் தூக்கினார்.

உள்ளே...

கை நீளத்துக்கு ஒரு சால்மன் மீன். வாயைத் திறந்துகொண்டு மூன்று பேரையும் பார்த்தது.

"ராத்திரி வலை போட்டேன் சார். ஜமீன் ஆத்துலன்னு தெரியாது. தெரியும்... ஆனா யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

சனிக்கிழமைதோறும் அனுமதிச் சீட்டு வாங்கி, அதே ஆற்றில் தூண்டில் போட்டு, வருஷம் பூராவும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர் ரென்னி. மீனைப் பார்த்தார். கிரெய்லைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வேதனை, கொலை வழக்கில்கூட வந்திருக்காது.

"வலை... போட்டியா?"

எஃபி குறுக்கே புகுந்து தடுப்பூசிப் பெட்டியைப் பற்றிக் கேட்டாள். கிரெய்ல் விழித்தான். நிலையத்துப் பக்கமே போகவில்லை என்றான். ராத்திரி முழுக்க ஆற்றில் நின்றதற்கு இந்த மீனே சாட்சி என்றான். பிறகு, தப்பிக்க வழி கிடைத்தவன்போல முகம் மலர்ந்தான்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். நேத்து சாயங்காலம் பார்ல மிஸஸ் ஆர்மர் எங்கிட்ட வந்து கேட்டாங்க. புழுவுக்குத் தடுப்பூசி போடறதுன்னா கழுத்துல எந்த இடத்துல போடணும், எவ்ளோ போடணும்னு. என்ன திடீர்னு அக்கறைன்னு கேட்டேன். சிரிச்சாங்க."

எஃபியும் ரென்னியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிரிஸெல் ஆர்மர் சிரித்தாள் என்பதே அந்தப் பள்ளத்தாக்கில் செய்தி.

*

கிரிஸெல் ஆர்மர் விதவை. தனியாளாக மலைப் பண்ணையை நடத்துகிறவள். அவள் வளர்க்கும் கிடாய்களுக்குப் பக்கத்து நாடுகளிலும் பேர் உண்டு. போன கோடையில் அவள் மந்தையில் புழு விழுந்தது. மருந்து கொடுத்தாள். கேட்கவில்லை. வேறு மருந்து கொடுத்தாள். அதுவும் கேட்கவில்லை. தினமும் காலையில் குட்டிகள் செத்துச் செத்துக் கிடந்தன.

அப்போது அவள் நிலையத்துக்கு வந்து எஃபியிடம் தடுப்பூசி கேட்டாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கேட்டாள். சோதனை முடியாத ஊசியை வெளியே கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று எஃபி சொல்ல வேண்டியிருந்தது. கிரிஸெல் தலையாட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனாள். அந்த முதுகு எஃபிக்கு இன்னும் கண்ணிலேயே நின்றது.

பண்ணை வாசலில் நாய் மட்டும் குரைத்தது. வீடு பூட்டியிருந்தது. பட்டி நிறைய ஆடுகள்.

எஃபி வேலி ஓரம் ஓடினாள். நின்றாள்.

ஒவ்வோர் ஆட்டின் கழுத்திலும் நீலச் சுண்ணாம்புக் கோடு! போட்டு முடித்ததற்கு அடையாளம்.

ஒன்று விடாமல்... மந்தை முழுக்க!

தொட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு மூடிப் பெட்டி கிடந்தது. காலி.

ரென்னி குனிந்து பெட்டியை எடுத்தார். வழக்கு முடிந்த திருப்தி அவர் முகத்தில். எஃபி வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். தன் கையால் வளர்த்த சனியன் இந்த மலையில் இறங்கிவிட்டது. அடுத்த கோடைக்குள் பள்ளத்தாக்கு முழுதும் போகும். நிலையத்தைப் பூட்டுவார்கள். அது போகட்டும்... ஆடுகள்?

"பிரிகேடியர் எங்க?" என்றாள் திடீரென்று.

"யாரு? பட்டாளத்து ஆளா?"

"கிடாய். அவளோட ராஜா கிடாய். இங்க இல்ல."

ரென்னி நெற்றியில் அடித்துக்கொண்டார். இன்று கெர்ன்ஹோப்பில் கிடாய்ச் சந்தை. பிரிகேடியரை இந்த வருஷம் ஏலம் விடப்போவதாக ஊரே பேசிக்கொண்டிருந்தது. வேல்ஸிலிருந்து ஒருவர் அதற்கென்றே வந்திருக்கிறார்.

"வித்துட்டா, புழுவும் அதோடயே வேல்ஸுக்குப் போயிடும்" என்றாள் எஃபி.

கார் சீறியது.

பாலம் தாண்டினதும் நின்றது. சாலை அடைத்துக்கொண்டு ஒரு மந்தை ஆடு. மேய்ப்பவர் பின்னால் சாவகாசமாகக் குழாய் புகைத்தபடி வந்தார். ரென்னி சைரன் போட்டார். தீவன வண்டிதான் வந்துவிட்டது என்று எண்ணி, ஆடுகள் எல்லாம் ஓடி வந்து காரைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று பானெட்டில் காலை வைத்தது.

"கைது பண்ணணும்னா மொத்தமாப் பண்ணணும்" என்று முணுமுணுத்தார் ரென்னி.

எஃபி கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ஆடுகளை இடுப்பால் இடித்து ஒதுக்கி வழி செய்தாள். ஒன்றிரண்டுக்கு இமையை இழுத்துப் பார்க்கவும் கை போனது. அடக்கிக்கொண்டாள்.

*

சந்தைக் கூடாரத்தில் நிற்க இடமில்லை. வட்ட மேடையின் நடுவில், குளித்துத் தலைவாரினதுபோல நின்றது பிரிகேடியர். அகன்ற மார்பு. யாரையும் மதிக்காத பார்வை. பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி கிரிஸெல். ஏலம் கூறுகிறவர் மூச்சு விடாமல் தொகையை ஏற்றிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் வேல்ஸ்காரர் ஒவ்வொரு முறையும் புருவத்தைத் தூக்கினார்.

சுத்தியல் உயர்ந்தது.

"நிறுத்துங்க!"

கூடாரமே திரும்பியது. எஃபி தடுப்புக் கம்பியைத் தாண்டி மேடைக்குள் குதித்துவிட்டாள். பின்னாலேயே ரென்னியும் தாண்டப் பார்த்தார். கோட்டு கம்பியில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை விடுவிக்கப் போனார்.

பிரிகேடியருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்த மனிதர்களைக் கண்டால் ஆகாது.

ஒரே முட்டு.

சார்ஜென்ட் மரத்தூளில் குப்புற விழுந்தார். கூட்டம் கைதட்டியது. வேல்ஸ்காரர் புருவத்தை இன்னும் ஒரு படி தூக்க, ஏலக்காரர் பழக்கத்தில் தொகையை ஏற்றிவிட்டார்.

இவ்வளவு நடந்தும் கிரிஸெல் ஓடப் பார்க்கவில்லை. பயப்படவில்லை. எஃபியைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

"டாக்டர்... நானே சந்தை முடிஞ்சதும் உங்களப் பாக்க வரணும்னு இருந்தேன். இந்த உபகாரத்த நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."



"போன வருஷம் முடியாதுன்னு சொன்னீங்க. வருத்தமாத்தான் இருந்துச்சு. இப்ப யாருக்கும் தெரியாமக் குடுத்தனுப்பி இருக்கீங்க. விடியறதுக்குள்ள எல்லாத்துக்கும் போட்டுட்டேன். இவனுக்கும்தான். போற இடத்துல இவன் சாகக் கூடாதில்லையா."

"மிஸஸ் ஆர்மர்... நான் எதுவும் குடுத்தனுப்பல."

கிரிஸெலின் பிடி தளர்ந்தது.

எஃபி தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியில் இருந்தது ஊசி மருந்து அல்ல, மருந்துக்கு அடங்காத புழு என்று சொன்னபோது, அந்தக் கல் மாதிரியான முகம் உடைந்தது. கிரிஸெல் கையை நீட்டிப் பிரிகேடியரின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். விழாமல் இருக்க வேறு பிடி இல்லை.

"எல்லாத்துக்கும் போட்டேனே. ஒண்ணு விடாம... நானே போட்டேனே."

போட்டேன்.

அந்தச் சொல் எஃபியின் காதுக்குள் போய், மூளையின் வாசலில் நின்று, மணி அடித்தது. காலையிலிருந்து இருந்த பதற்றத்தில் அவள் இதை யோசிக்கவே இல்லை.

"என்ன சொன்னீங்க? போட்டீங்களா? வாய்ல ஊத்தலயா?"

கிரிஸெல் அந்த நிலையிலும் எரிச்சலோடு பார்த்தாள்.

"தடுப்பூசிய யாராவது வாய்ல ஊத்துவாங்களா? கழுத்துத் தோலுக்கு அடியில, ஊசிலதான் போட்டேன். அந்த அளவுக்கு முட்டாள் இல்ல நான்."

எஃபி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மரத்தூளில் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பக்கத்தில் மரத்தூளைத் துப்பியபடி எழுந்த ரென்னி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"சார்ஜென்ட்... இந்தப் புழு மேல ஒரு சட்டை இருக்கும். புல்லோட சேந்து ஆட்டோட முதல் வயித்துக்குள்ள போகணும். அங்க இருக்கற சூட்டுலதான் சட்டையக் கழட்டும். கழட்டினப்புறம்தான் கடைசி வயித்துக்குப் போய்க் குடியேறும். தோலுக்கு அடியில விட்டா அதுக்கு வழியும் தெரியாது, வேலையும் தெரியாது. அங்கேயே கெடந்து செத்துப்போகும்."

"அப்போ புழு பரவாது?"

"கழுத்துல ஒரு கட்டி வரும். அவ்வளவுதான்."

ரென்னி கொஞ்சம் யோசித்தார்.

"அதாவது ராஜ உபசாரமா உள்ள விட்டிருக்காங்க, ஆனா தப்பான வாசல் வழியா."

மீதி ஒரு பாட்டில் கிரிஸெலின் வேனில் இருந்தது. மூடி இறுக்கமாக, சிந்தாமல். எஃபி அதை வாங்கிக் குழந்தையைப் போல நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஏலம் ரத்தானது. வேல்ஸ்காரருக்கு விஷயம் புரியாவிட்டாலும், கிடாயின் முட்டு பிடித்திருந்தது. அடுத்த சந்தைக்கும் வருவதாகச் சொல்லிப் போனார்.

கூட்டம் கலைந்தபிறகுதான் ரென்னி, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மிஸஸ் ஆர்மர், நீங்க நெலையத்துக்குப் போகல. யாரையும் தள்ளல. சரி. பெட்டிய உங்க வீட்டுக்குக் கொண்டுவந்தது யாரு?"

கிரிஸெல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"வாட்டிதான். டாக்டர் குடுத்தனுப்பினாங்கன்னு சொன்னானே."

*

ஆஸ்பத்திரியில் வாட்டி ஸ்கூலர் தலையில் கட்டோடு உட்கார்ந்து ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ரென்னியும், எஃபியும், அவர்களுக்குப் பின்னால் கிரிஸெலும் நிற்பதைப் பார்த்ததும் கரண்டி நடுவழியில் நின்றது.

மறைக்க முயலவில்லை. யாரும் தள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். டாக்டர் ஊசி கொடுத்தனுப்பப் போகிறார் என்று முந்தின நாளே கிரிஸெலிடம் சொல்லி வைத்து, நள்ளிரவில் பெட்டியை எடுத்தார். மலைப் பண்ணையில் கொண்டுபோய்க் கொடுத்தார். காலி இடம் தெரியாமல் மற்றப் பெட்டிகளை நகர்த்தி வைக்கலாம் என்று விடிகாலையில் திரும்பி வந்தார். ஈரத்தரை வழுக்கியது. அலமாரியின் விளிம்பு நெற்றியில் மோதியது. கண் விழித்தபோது டாக்டரம்மா இமையை இழுத்துக்கொண்டிருந்தாள். வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டார்.

"உள்ள இருந்தது புழு வாட்டி" என்றாள் எஃபி.

வாட்டியின் கையிலிருந்து கிண்ணம் நழுவியது. அவர் கிரிஸெலைப் பார்த்த பார்வையைப் பார்த்து, ரென்னி அவசரமாகக் கையை உயர்த்தி, ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. இல்லையென்றால் இரண்டாம் முறை ஆம்புலன்ஸ் தேவைப்பட்டிருக்கும்.

"ஏன் வாட்டி?" என்றாள் எஃபி. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்க முடியாதுன்னு சொல்வீங்க டாக்டரம்மா. சொல்லணும். அதுதான் உங்க வேலை." வாட்டி போர்வையின் நுனியைத் திருகினார். "போன கோடைல இவங்க பண்ணைக்கு நான்தான் செத்த குட்டிங்கள அள்ளப் போனேன். ஒண்ணொண்ணா எங்கையில எடுத்துக் குடுத்தாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கடைசிக் குட்டிய மட்டும் குடுக்க மாட்டேன்னு மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. எனக்கு அப்பவே..."

நிறுத்திக்கொண்டார். ஆறடி மனிதரின் காதுகள் இரண்டும் சிவந்தன.

"எனக்கு வேற என்ன குடுக்கறதுன்னு தெரியல" என்றார் சுவரைப் பார்த்து.

ரென்னி நோட்டை எடுத்தவர் அதை மூடிப் பைக்குள் போட்டார்.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். வாட்டிக்கு அபராதமும், சில மாதம் வேலை நீக்கமும் கிடைத்தன. பெட்டிக்குப் பேர் மாற்றாத குற்றத்துக்கு எஃபிக்கும் மேலிடத்தில் கனமான அர்ச்சனை நடந்தது. கிரிஸெலின் மந்தையைத் தனியாக வைத்து வாராவாரம் சாணியைச் சோதித்தார்கள். அந்தப் புழுவின் முட்டை ஒன்றுகூட இல்லை. முறையான அனுமதி வந்தபோது, உண்மையான தடுப்பூசிக்கு முதல் சோதனைப் பண்ணையாக எஃபி எழுதிக் கொடுத்தது மலைப் பண்ணையைத்தான். அந்தக் கோடையில் குட்டிகளின் இமைகள் எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தன.

ஆனால் அன்று, ஆஸ்பத்திரி அறையில், இதெல்லாம் யாருக்கும் தெரியாது. வாட்டி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரிஸெல் ஆர்மர் கட்டிலுக்கு அருகே போய், கீழே விழுந்த கிண்ணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாட்டி."

"ம்."

"ஒரு பொம்பளையப் பிடிச்சிருந்தா, ஊர் உலகத்துல எல்லாரும் பூ குடுப்பாங்க. நீ ஒருத்தன்தான் புழு குடுத்திருக்கே!"